சின்ன டிராக்டரில் நாம் பொருத்திய சாமான் கரைச்சல் தந்தால்

கந்தப்பளை, இராகலை, வெலிமடை என்று மரக்கறி செய்கிற ஊர்களில் இரண்டு சக்கர லேண்ட்மாஸ்டரோடு சேர்த்து இப்போது ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த சின்ன நாலு சக்கர டிராக்டர்களும் ஓடுகின்றன. குபோட்டா, யன்மார், இசெக்கி, பெரும்பாலும் 15 முதல் 25 குதிரைவலு. வந்த கோலத்திலேயே அதை யாரும் வைத்திருப்பதில்லை. பின்னால் கிழங்கு மூட்டை ஏற்ற ஒரு இரும்புப் பெட்டி, மருந்தடிக்கிற பம்ப், இரவில் ஏற்றுவதற்கு இரண்டு லைட், சக்கரத்தை அகட்ட ஸ்பேசர், கொஞ்சம் வசதி உள்ளவர் என்றால் முன்னால் மண் அள்ளித் தூக்குகிற ஒரு லோடர். எல்லாம் டவுன் வெல்டிங் கடையிலோ வீட்டுக் கொட்டகையிலோ செய்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, கம்பனிச் சாமான் விலைக்கு நம்மால் கட்டுப்படியாகாது. ஆனால் கரைச்சல் வந்தால் மட்டும் பழி டிராக்டர் மேல் விழுகிறது. நல்ல ஹைட்ரோலிக் பம்பைக் கழற்றிக் கொழும்பு பஞ்சிகாவத்தை சாமான் கடைகளுக்கு அனுப்புகிறார்கள், நல்ல இன்ஜெக்டரைத் திறக்கிறார்கள்.

அதனால் எந்த அறிகுறி என்றாலும் முதல் வேலை ஒன்றுதான். பொருத்தியதைக் கழற்றுங்கள், கழற்ற முடியாவிட்டால் இணைப்பைத் துண்டியுங்கள், அதே இடத்தில் அதே கியரில் அதே வேலையைச் செய்து பாருங்கள். கோளாறு போய்விட்டால் டிராக்டரைத் தொடத் தேவையில்லை. போகவில்லை என்றால் அது வேறு கதை, அதற்கு மெக்கானிக் வேண்டும். கை வைக்குமுன் சமதரையில் நிறுத்தி, பின்னால் தொங்குவதை நிலத்தில் இறக்கி, சாவியைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். நம் நிலத்தில் சமதரை கிடைப்பது கஷ்டம், தெரியும். ஆனாலும் ரோட்டோரம் கொண்டுவந்தாவது செய்யுங்கள்.

ஏற்றத்தில் முன் சக்கரம் மிதக்கிறது, ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது

மலைநாட்டில் அதிகம் வருகிற கோளாறு இது, அதிகம் அலட்சியப்படுத்துவதும் இதைத்தான். திருப்ப லேசாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். லேசாக இருப்பதற்குக் காரணம், முன் டயர் மண்ணைச் சரியாகத் தொடவில்லை என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டர் 700 கிலோ, அதில் முன் அச்சில் 280 கிலோ நிற்கிறது என்று வையுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒன்றரை மீற்றர். பின்னால் பெட்டியில் பெட்டியோடு சேர்த்து 200 கிலோ, அதன் நடுப்பகுதி பின் அச்சிலிருந்து ஒரு மீற்றர் பின்னே. அந்த 200 கிலோ முன் அச்சிலிருந்து 133 கிலோவைத் தூக்கிவிடும், மிச்சம் 147 கிலோ. சமதரையிலேயே இது மொத்தப் பாரத்தில் ஆறில் ஒரு பங்குதான், ஸ்டீயரிங் பிடிப்பதற்கு ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இதே மிஷினை 15 பாகை ஏற்றத்தில், அதாவது நூறு மீற்றருக்கு 27 மீற்றர் உயர்கிற தோட்டப் பாதையில் ஏற்றினால் பாரம் எல்லாம் பின்னால் சாய்ந்து முன் அச்சில் 50 கிலோ அளவுதான் நிற்கும். ஒரு கல்லில் பின் சக்கரம் ஏறினால் போதும், முன்பக்கம் எழும்பிவிடும்.

சரி, என்ன செய்வது? முதலில் பெட்டியைப் பாருங்கள். வெல்டிங் பாஸ்மார் தாராளமாக நீட்டிச் செய்துவிடுவார்கள், பின்னால் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவுக்கு முன்பக்கம் தூக்கும். குட்டையாக, அகலமாக, டயரை ஒட்டி வருகிற மாதிரி மாற்றுங்கள், உயரமும் வேண்டாம். அடுத்தது முன்னால் பாரம். 20 லீற்றர் பெயிண்ட் வாளி நிறையக் கொங்கிரீட் போட்டால் 48 கிலோ வரும். அப்படி இரண்டை முன் அச்சுக்கு அரை மீற்றர் முன்னால் ஒரு ஆங்கிள் பிரேமில் இறுக்கினால், 96 கிலோ பாரம் முன் அச்சில் ஏறத்தாழ 128 கிலோவாக இறங்கும். கொங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே போல்ட்டை உள்ளே பதித்துவிடுங்கள், கயிற்றால் கட்டித் தொங்கவிட வேண்டாம். ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற வழியை மறைக்கவும் வேண்டாம், அந்தக் கதை கீழே வருகிறது.

பின் டயருக்குத் தண்ணீர் நிரப்புவது இதற்கு மருந்து இல்லை. அது பின் அச்சில்தான் உட்காரும். பக்கச் சரிவில் கவிழாமல் இருக்க உதவும், சறுக்கலுக்கு உதவும், முன்பக்கம் தூக்குவதற்கு ஒன்றும் செய்யாது. செங்குத்தான துண்டில் ஏறத்தான் வேண்டும் என்றால், பின் பாரத்தோடு ரிவர்சில் ஏறுங்கள், முன்முகமாக இறங்குங்கள்.

மூட்டை இல்லாமல், எதையாவது இழுக்கும்போது மட்டும் முன்பக்கம் எழும்பினால் அது வேறு, அதைவிட மோசமானது. சங்கிலியை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். மரக்கட்டை இழுக்க, சேற்றில் மாட்டிய லொறியை இழுக்க என்று டாப் லிங்க் (பின் கருவியை மேலே பிடிக்கிற கை) பூட்டுகிற இடத்தில் ஒரு கொளுக்கியை வெல்ட் பண்ணியிருப்பார்கள். பின் அச்சுக்கு மேலே இழுக்கிற எந்தக் கொளுக்கியும் டிராக்டரைப் பின்புறமாகக் கவிழ்க்கும், அது ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும், கிளச் மிதிக்க நேரம் இராது. அந்தக் கொளுக்கியை இன்றைக்கே வெட்டி எடுங்கள். இழுப்பது எப்போதும் கீழே இருக்கிற டிரோபாரில் மட்டும்.

லோடர் நன்றாக வேலை செய்கிறது, பின் லிஃப்ட் எழும்பவில்லை

லோடர் போட்ட பிறகு வருகிற கோளாறுகளில் இதுதான் முதலிடம். பம்ப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே பம்ப்தானே இரண்டுக்கும், லோடரைத் தூக்குகிற பம்புக்கு லிஃப்டைத் தூக்கவா முடியாது?

இந்தச் சின்ன டிராக்டர்களில் ஒயில் ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பம்பிலிருந்து வெளியே வந்து, வால்வுகளைக் கடந்து, திரும்பக் கியர் பெட்டிக்கே போகும். லோடர் வால்வை நடுவில் போடும்போது அதற்குள் போகிற ஒயில் அதைத் தாண்டிப் பின் லிஃப்டுக்கும் போக வேண்டும். அதற்குப் 'பவர் பியோண்ட்' என்று ஒரு தனி வாசல் வால்வில் வேண்டும். விலை குறைந்த வால்வுகளில் அது இராது, அல்லது அதற்கான ஸ்லீவ் தனியாக வாங்கிப் போட வேண்டியிருக்கும். அது இல்லாமல் பூட்டினால் வால்விலிருந்து வருகிற ஒயில் நேராகக் கியர் பெட்டிக்கு ஓடிவிடும், பின் லிஃப்ட் பட்டினி.

வால்வில் எத்தனை ஹோஸ் மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். சிலிண்டர்களுக்குப் போகிறவற்றை விட்டுவிட்டு மூன்று இருக்க வேண்டும்: பம்பிலிருந்து வருவது, பின் லிஃப்டுக்குப் போவது, கியர் பெட்டிக்குத் திரும்புவது. இரண்டுதான் இருக்கிறது என்றால் பிழை அங்கேதான். இதில் இன்னொரு வகையும் உண்டு. இரண்டு ஹோஸ் வைத்து, திரும்புகிற வாசலையே பின் லிஃப்டுக்குக் கொடுத்திருப்பார்கள். லிஃப்ட் எழும்பும், லோடரும் எழும்பும், ஆள் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார். ஆனால் பின்னால் பாரம் தூக்கும்போதெல்லாம் வால்வின் அந்தப் பக்கம் தாங்காத அழுத்தம் ஏறும். லீவர் தண்டு வெளியே வருகிற சீலில் ஒயில் கசிவதுதான் முதல் அடையாளம். சீலை மாற்றினாலும் திரும்பக் கசியும், வால்வு உடம்பே வெடித்த இடங்களும் உண்டு.

பம்ப் ஊளையிடுகிறதா? ஒயில் அளவைப் பாருங்கள். புது லோடரின் சிலிண்டர்களும் ஹோஸ்களும் முதல் தடவை நிரம்பும்போது கியர் பெட்டியிலிருந்து 2, 3 லீற்றர் உள்ளே போய்விடும், அதைத் திரும்ப ஊற்ற நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சமதரையில் சத்தம் இல்லை, சரிவில் மட்டும் ஊளை என்றால் அநேகமாக இதுதான்: சரிவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சுகிற வாய் காற்றை இழுக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஒயில் நுரை நுரையாக வந்தால் காற்று, பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர். தண்ணீர் என்றால் பழையதை வடித்துவிட்டுப் புது ஒயில், புதுப் பில்டர். கியர் லீவர் ரப்பர் கிழிந்து மழைக்காலத்தில் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கும். உறிஞ்சுகிற பக்கம் தோட்டத்துக் குழாயைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், சூடானதும் அது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே கம்பி சுற்றிய உறிஞ்சு ஹோஸ்தான் வேண்டும்.

பலம் போதவில்லை என்று, அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வில் வாஷர் போட்டு அழுத்தம் ஏற்றுவது நம்ம பக்கம் ஒரு வியாதி. முதலில் 250 பார் மீற்றர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். புத்தகத்தில் சொன்ன அழுத்தம் ஏற்கெனவே வருகிறது என்றால் உங்கள் பக்கட் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். மண்ணுக்குச் செய்த பக்கட்டில் ஈரக் கல்லை அள்ளினால் எந்த மிஷினும் முனகும். அழுத்தத்தை ஏற்றினால் அடுத்து போவது முன் அச்சு.

தூக்கி வைத்த லோடர் மெதுவாக இறங்குவது சாதாரணம். கண் பார்த்திருக்கும்போதே இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ உள்ளே கசிகிறது. எப்படியானாலும் முட்டுக் கொடுக்காமல் கீழே தலையை விடக் கூடாது. ஹோஸில் கசிவைத் தேடும்போது விரலை ஓட்டாதீர்கள், ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளையால் வருகிற ஒயில் தோலுக்குள் ஏறிவிடும். ஏறினால் வலி பெரிதாகத் தெரியாமல் இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, சத்திரசிகிச்சை வரைக்கும் போகிற விஷயம் அது.

மருந்தடிக்கிற பம்ப் சுற்றுகிறது, தண்ணீர் சரியாக வரவில்லை

பி.டி.ஓ.வில், அதாவது இன்ஜின் பலத்தைக் கருவிக்குக் கொடுக்கிற பின் தண்டில், புல்லி போட்டு மூன்று பிஸ்டன் பம்பை ஓட்டுகிற ஏற்பாடு நல்ல ஏற்பாடு, கெட்டுப்போவது கணக்கில்தான். பம்பின் தகட்டில் எத்தனை சுற்று என்று போட்டிருக்கும், அநேகமாக 800 முதல் 1000. பி.டி.ஓ. 540 சுற்று. பி.டி.ஓ.வில் 10 அங்குலப் புல்லி, பம்பில் 6 அங்குலப் புல்லி என்றால் 540 ஐப் பத்தால் பெருக்கி ஆறால் வகுக்க 900 வரும், சரி. ஆனால் அந்த 540, இன்ஜின் அதற்கென்று குறித்த வேகத்தில் ஓடினால் மட்டும்தான். 2500 இல் ஓட வேண்டிய இன்ஜினை டீசல் மிச்சம் பிடிக்க 1800 இல் விட்டால் பம்புக்குக் கிடைப்பது 650 கூட இல்லை. மறுபக்கம், ஜப்பான் மிஷின்களில் பி.டி.ஓ.வுக்கே மூன்று, நான்கு வேகம் இருக்கும். யாரோ லீவரை இரண்டிலோ மூன்றிலோ தள்ளியிருந்தால் பம்ப் தறிகெட்டுச் சுற்றி, சூடாகி, பேக்கிங் எரிந்துவிடும். லீவரில் முதல் வேகத்துக்குப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

வேகம் சரி, ஆனாலும் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது, டெலிவரி ஹோஸ் உதறுகிறது. உறிஞ்சுகிற பக்கம் காற்று இழுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பம்ப் ஓடும்போது ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், எந்த மூட்டில் ஊற்றும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. அதுவும் இல்லை என்றால் வடியைக் கழுவுங்கள், பிறகு வால்வுகளைத் திறந்து பாருங்கள், ஒன்றில் இலைத் துணுக்கு மாட்டியிருக்கும்.

இன்னொரு காரணம் நம்ம ஊருக்கே உரியது. ஓடை கீழே, டிராக்டர் மேலே பாதையில். கொழும்பில் ஒரு நல்ல பம்ப் கோட்பாட்டளவில் 10 மீற்றர் ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சலாம், ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம்தான். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் குறைவு, அந்த 10 மீற்றர் 8 சொச்சமாகிவிடும். ஹோஸ் உராய்வு, பழைய வால்வு எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 4, 5 மீற்றர். கீழ்நாட்டில் வேலை செய்த அதே செட் மேலே வந்ததும் உறிஞ்சவில்லை என்றால் பம்பைக் குறை சொல்லாதீர்கள், பம்பைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். அல்லது 200 லீற்றர் பரலை டிராக்டரிலேயே வைத்து அதிலிருந்து எடுங்கள், ஆனால் பரல் நிறைந்தால் அதுவே 200 கிலோ, மேலே சொன்ன முன் சக்கரக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். அரைப் பரல் இன்னும் ஆபத்து, திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கம் அடித்து இழுக்கும்.

தெளிக்கிற ஆள் மேல் துண்டில் நிற்கிறார் என்றால், ஒவ்வொரு 10 மீற்றர் உயரத்துக்கும் ஒரு பார் அழுத்தம் போகும். 60 மீற்றர் மேலே 6 பார் இழப்பு, ஹோஸின் உராய்வு அதற்கு மேல்.

பெல்ட் கீச்சிட்டால் இறுக்குவதற்கு முன் ஒரு நூலை இழுத்துப் பிடித்து இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இடைவெளி 60 சென்றிமீற்றர் என்றால் நடுவில் பெருவிரலால் அழுத்தும்போது ஒரு சென்றிமீற்றர் தாழ வேண்டும். பெல்ட்டின் அடிப்பகுதி பளபளவென்று இருந்தால் அது காடியின் அடியைத் தொடுகிறது, எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, மாற்றுங்கள்.

வெல்ட் பண்ணிய இடம் திரும்பத் திரும்ப வெடிக்கிறது

எங்கே வெடிக்கிறது என்பதைப் பாருங்கள். வெல்டிங்கின் நடுவே பிளந்தால் வெல்டிங் ஒழுங்காக உருகிச் சேரவில்லை. மாலையில் எல்லா வீட்டிலும் சமையல் நடக்கும்போது கரண்ட் இறங்கும், அந்த நேரத்தில் தடித்த இரும்பை ஒட்டினால் மேலே அழகாக இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. கனமான வேலையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் நன்றாக இருக்கிறது, அதன் ஓரத்தில், பக்கத்து இரும்பு கண்ணாடி போலப் படக்கென்று உடைகிறது என்றால் அது என்ன இரும்பு என்று கேளுங்கள். லொறியின் வில் பட்டையை வெட்டிப் பின்னால் கருவி பூட்டுகிற ஹிட்ச் கை செய்வது இங்கே வழக்கம், பலமான இரும்புதானே என்ற எண்ணம். பலமானதுதான், ஆனால் கரி அதிகம் உள்ள உருக்கு, வெல்ட் பண்ணி ஆறும்போது ஓரம் இறுகி நொறுங்குகிற தன்மைக்கு வந்துவிடும். வில் பட்டையைத் துளை போட்டு போல்டில் பூட்டலாம், வெல்டிங்குக்குச் சாதாரண மைல்ட் ஸ்டீல் தகடே மேல்.

வெடிப்பு உண்டா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு பழைய வித்தை உண்டு. பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடையுங்கள். மேலே சோக்குத் தூளைத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மேலே ஊறி வெள்ளையில் மெல்லிய ஈரக் கோடாகத் தெரியும். கோட்டின் முனையில் ஒரு சின்னத் துளை போடுங்கள், அது மேற்கொண்டு ஓடாது. பிறகு வெடிப்பைக் கிரைண்டரால் 'வி' மாதிரித் திறந்து, ஈரம் படாத 7018 வெல்டிங் குச்சியால் நிரப்புங்கள். நம்ம காலநிலையில் பெட்டி திறந்த குச்சி நாலு நாளில் ஈரம் குடித்துவிடும், சூடாக்கிக் காயவைத்துத்தான் பாவிக்க வேண்டும். மேலே ஒரு ஒட்டுத் தகடு போடுவதானால் வைர வடிவில் வெட்டிப் போடுங்கள், குறுக்கே நேர் கோட்டில் வெல்ட் பண்ணினால் அடுத்த வெடிப்பு அந்தக் கோட்டில்தான் வரும்.

டிராக்டர் மேலேயே வெல்ட் பண்ணும்போது பெட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், எர்த் கிளிப்பை வெல்ட் பண்ணுகிற துண்டிலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பெயரிங் வழியாகப் போகும், பெயரிங் பொட்டுப் பொட்டாக உருகும். பிறகு ஒரு மாதம் கழித்துச் சக்கரம் கடகடவென்கிறது என்று தேடித் திரிய வேண்டியதுதான். வார்ப்பிரும்புக் கிளச் ஹவுசிங் மேல் வெல்டிங்கே வேண்டாம், அதில் ஏற்கெனவே இருக்கிற போல்ட் துளைகளைப் பாவியுங்கள்.

லைட் போட்ட பிறகு பெட்டரி இறங்கிவிடுகிறது

பழைய சின்ன மாடல்கள் பலவற்றில் கார் மாதிரி ஆல்டர்னேட்டர் கிடையாது, 10, 15 ஆம்பியர் தருகிற டைனமோதான். 55 வோட் ஹலஜன் ஒன்று நாலரை ஆம்பியருக்கு மேல் குடிக்கும், இரண்டைப் போட்டால் 9 தாண்டும், அதோடு ஹெட்லைட்டும் எரிந்தால் பெட்டரிக்கு என்ன மிஞ்சும்? 18 வோட் எல்.ஈ.டி. இரண்டுக்கு மாறினால் மொத்தமே 3 ஆம்பியர். மீற்றர் வைத்துப் பாருங்கள்: இன்ஜின் ஓடும்போது பெட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட், நிறுத்தி சில மணித்தியாலம் கழித்து 12.6. காலையில் 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் பனி உறைகிற நுவரெலியாக் குளிரில், இன்ஜினைச் சூடாக்குகிற ஹீட்டரும் போட்டு ஸ்டார்ட்டரும் சுழற்ற அந்தப் பாதி போதாது.

லைட் மங்கலாக மட்டும் இருந்தால் எர்த். லைட்டை எரியவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பெட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை லைட்டின் உடம்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போல்டுக்கு அடியில் பெயிண்ட் இருக்கிறது, சுரண்டுங்கள். ஹலஜனையே வைத்திருப்பதானால் ரிலே ஒன்று, 15 ஆம்பியர் பியூஸ், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். பியூசைப் பெட்டரிக்குப் பக்கத்தில் போட வேண்டும், லைட்டுக்குப் பக்கத்தில் அல்ல.

ஸ்பேசர் போட்ட சக்கரத்தில் நட்டு கழல்கிறது

ஸ்பேசருக்கும் ரிம்முக்கும் நடுவே பெயிண்டோ துருவோ இருந்தால் அது நசுங்க நசுங்க நட்டு தளரும். கழற்றி இரும்பு தெரியச் சுத்தம் செய்து பூட்டுங்கள், ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு திரும்ப இறுக்குங்கள், பத்து மணித்தியாலத்தில் இன்னொரு தடவை. போல்ட் உள்ளே ஏறுகிற நீளம் குறைந்தது அதன் தடிப்பு அளவாவது இருக்க வேண்டும். அதைவிடக் குறைவு என்றால் அந்த ஸ்பேசரை வீட்டில் பூச்சாடிக்கு வையுங்கள். இரண்டு ஸ்பேசரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது கூடவே கூடாது.

அதற்கு முன், ரிம்மைத் திருப்பிப் போட்டாலே அகலம் கிடைக்கிறதா என்று பாருங்கள், நிறைய மாடலில் கிடைக்கும், செலவும் இல்லை. வலது சக்கரத்தை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றிப் பூட்டினால் டயரின் பல் திசை கெடாது. பின்னால் நின்று பார்க்கும்போது பல்லின் கூம்பு மேல்நோக்கி இருக்க வேண்டும்.

சூடு ஏறுகிறது, கறுப்புப் புகை வருகிறது

முன்னால் கொங்கிரீட் வாளி, கம்பி வலை, நம்பர் தகடு என்று எதையாவது மாட்டிக் காற்றை மறைத்திருக்கிறீர்களா, முதலில் அது. பிறகு ரேடியேட்டர் மூடி. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அழுத்தம் பிடிக்கிற நல்ல மூடி இருந்தால்தான் கொதிநிலை மேலே போகும். ரப்பர் போன மூடி கீழ்நாட்டில் சமாளித்துவிடும், இங்கே சமாளிக்காது.

கறுப்புப் புகைக்கு டீசல் ஸ்குரூவைத் திருகாதீர்கள். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பலமும் அந்த அளவுக்குக் குறையும். ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள், ரொட்டவேட்டரைக் கொஞ்சம் மேலே பிடியுங்கள், காற்று பில்டரைத் தட்டுங்கள்.

பி.டி.ஓ. ஷாப்ட் அதிர்கிறது, ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது

லேத்தில் வெட்டி நீட்டிய ஷாப்ட் என்றால் இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பாருங்கள், திரும்பி இருந்தால் அதிரும். வேலை செய்யும்போது கோணம் 15 பாகைக்கு மேல் போகக் கூடாது. ஷியர் போல்ட் உடைகிறதே என்று உயர்தரப் போல்டைப் போட்டால் அடுத்த தடவை போல்டுக்குப் பதிலாகக் கியர் உடையும். கல் நிறைந்த துண்டில் போல்ட் உடைவது அதன் வேலை, பையில் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஷாப்டின் மேல் உறையைக் கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் போடுங்கள். விடியக் குளிருக்கு மப்ளரைத் தொங்கவிட்டுக்கொண்டு, சாரத்தோடு அந்தப் பக்கம் குனிகிறவர்கள் நாம்.

இறக்கத்தில் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது

வீட்டில் செய்த ட்ரெய்லரில் பிரேக் இராது, ஆகவே அது தள்ளத்தான் செய்யும். ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள், இடையில் கிளச் மிதிக்க வேண்டாம், நியூட்ரல் என்ற பேச்சே வேண்டாம். இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் பூட்டுகிற கொக்கியைப் போட்டிருக்கிறீர்களா? வயலில் கழற்றியது அப்படியே ரோட்டுக்கு வந்தால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து ட்ரெய்லர் மடங்கிவிடும். ஈரத் தார் ரோட்டில் காலி டிராக்டரைவிட அதிகப் பாரமான ட்ரெய்லரை இறக்காதீர்கள், அதற்கு எந்தத் திருத்தமும் இல்லை. இரண்டு தடவையாகக் கொண்டுபோங்கள்.

கூரை ஆடுகிறது

மழைக்கும் வெயிலுக்கும் போட்ட தகரக் கூரை கவிழும்போது யாரையும் காப்பாற்றாது, அது தெரிந்திருக்கட்டும். மிஷினோடு வந்த கவிழ் பாதுகாப்பு வளையம் இருந்தால் அதில் துளை போடவோ வெல்ட் பண்ணவோ வேண்டாம், யூ போல்டால் பிடியுங்கள்.

எதையோ பொருத்திய பிறகு ஸ்டார்ட்டே ஆகவில்லை, கிளிக் சத்தம்கூட இல்லை

பெட்டரி நன்றாக இருந்தால், கிளச் பெடலுக்கு அடியில் உள்ள சின்னச் சுவிட்சைப் பாருங்கள். பெட்டியின் காலோ பம்ப் பிரேமோ இடித்து அதன் வயர் கழன்று தொங்கும். திரும்பச் செருகி, உரசாதபடி டை போட்டுக் கட்டுங்கள். அந்த இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டிவிட்டால் ஸ்டார்ட் ஆகும்தான், கியரில் இருந்தாலும் ஆகும், கீழே நின்று சாவி திருகுகிற ஆள் மேல் ஏறியும் வரும்.